பழைய ஹைலக்ஸ் ஸ்டார்ட்டருக்குச் செம்புக் கொன்டாக்ட் கிட்: எப்போது வாங்க வேண்டும், எப்போது வாங்கக்கூடாது

திறப்பைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வரும், எஞ்சின் சுற்றாது. திரும்பத் திருப்பினாலும் அதே 'டக்'. ஐந்தாவது தடவையிலோ பத்தாவது தடவையிலோ எந்தக் குறையும் இல்லாதது போல எஞ்சின் சுற்றிப் பற்றிக்கொள்ளும். 1988 முதல் 1997 வரை வந்த ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தச் சத்தம் பழக்கமானது. 22ஆர் பெட்ரோல் எஞ்சின், 2எல், 3எல் டீசல் எஞ்சின்கள் மூன்றிலும் இது வரும். கராஜுக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஸ்டார்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பதுதான்.

இந்த மதிப்பீடு, அந்த முழு ஸ்டார்ட்டருக்குப் பதிலாக வாங்கக்கூடிய ஒரு சிறிய பொதியைப் பற்றியது. மின்சாரத்தை இணைக்கும் இரண்டு செம்புக் கொன்டாக்ட்கள், அவற்றின் மேல் வந்து அமரும் ஒரு பிளஞ்சர், சில பொதிகளில் ஒரு ரப்பர் வளையம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மேலே சொன்ன குறைக்கு இதைவிடச் சரியான வாங்கல் வேறில்லை. விலை புதிய ஸ்டார்ட்டரின் மிகச் சிறு பங்கு. ஸ்டார்ட்டர் மேசைக்கு வந்த பிறகு பொருத்துவதும் சிறிய வேலைதான். ஆனால் 'டக்' சத்தம் தரும் வேறு குறைகளும் உண்டு. அவற்றுக்கு இந்தக் கிட்டை வாங்கினால் காசும் நேரமும் வீண். ஆகவே கிட்டைப் பற்றிச் சொல்வதில் பாதி, அதை வாங்கும் முன் எதை அளக்க வேண்டும் என்பதைச் சொல்வதுதான்.

இந்த வாகனங்களில் இருப்பது நிப்பான்டென்சோ தயாரித்த கியர் ரிடக்ஷன் ஸ்டார்ட்டர். அந்த நிறுவனம் 1996இல் டென்சோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. எனவே பழைய உடலில் நிப்பான்டென்சோ என்ற பெயர்த்தகடு இருந்தால் அது வாகனத்தோடு வந்த அசலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதை இலேசில் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மோட்டர் ஒரு பக்கமாகவும், பினியனும் (எஞ்சினைச் சுற்றும் சிறு பற்சக்கரம்) சொலனாய்டும் (மின்காந்தச் சுவிட்ச்) ஒரே நேர்கோட்டில் மறுபக்கமாகவும் இருக்கும். மோட்டரின் வேகம் நடுவில் உள்ள ஒரு கியர் வழியாகக் குறைந்து, முறுக்குவிசை கூடிப் பினியனுக்குப் போகிறது. மோட்டருக்குள் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் இரு முனையிலும் பந்துத் தாங்கிகள் உண்டு. உள்ளே இருப்பது ஒட்டிய காந்தம் அல்ல, கம்பி சுற்றிய ஃபீல்ட் கொயில். ஒட்டு விட்டுக் காந்தம் கழன்று விழும் சிக்கலே இதில் கிடையாது. மொத்தத்தில் மிக வலுவான உடல். அந்த உடலுக்குள் முதலில் தேய்வது அந்த இரண்டு செம்புத் துண்டுகள்தான்.

ஏன் தேய்கின்றன? திறப்பு ஸ்டார்ட் நிலைக்கு வந்ததும் 50 என்ற சிறிய முனைக்கு மின்சாரம் வருகிறது. சொலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று பிளஞ்சரை இழுக்கும், மற்றது இழுத்த இடத்தில் பிடித்து வைக்கும். பிளஞ்சர் நகரும்போது அதன் தண்டு பினியனை வெளியே தள்ளி, எஞ்சினின் பெரிய சக்கரமான ஃபிளைவீலின் பற்களோடு சேர்க்கிறது. பயணத்தின் கடைசியில் பிளஞ்சரின் பின்பக்கச் செம்புத் தட்டு இரண்டு கொன்டாக்ட்களின் மேல் உட்கார்ந்து, பற்றரியிலிருந்து வரும் 30 என்ற தடித்த முனையை மோட்டருக்குப் போகும் சி முனையோடு இணைக்கிறது. அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்கிறது. ஒவ்வொரு தொடுகையிலும் சிறு பொறி, ஒவ்வொரு பொறியிலும் கொஞ்சம் செம்பு எரிகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் கொன்டாக்ட்டின் முகத்தில் பிறை வடிவில் ஒரு பள்ளம் விழும். பற்றரிப் பக்கக் கொன்டாக்ட்தான் பொதுவாக அதிகம் தேயும்.

பிளஞ்சரின் பயணத்துக்கு ஓர் எல்லை உண்டு. பினியன் முழுவதும் வெளியே போய் நின்ற பிறகு அது மேலே நகராது. செம்பு போதுமான அளவு தேய்ந்துவிட்டால், பிளஞ்சர் எல்லைக்கு வந்து 'டக்' என்று நிற்கும், தட்டு கொன்டாக்ட்டைத் தொடாது, அல்லது ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடாது. தட்டு கொஞ்சம் சுழலக்கூடியது. அடுத்தடுத்த முயற்சியில் அது சற்றுத் திரும்பி, தேயாத ஓரம் பள்ளத்துக்கு நேரே வந்தால் தொட்டுவிடும். பத்தாவது தடவையில் ஸ்டார்ட் ஆவதற்குக் காரணம் இதுவே. எனவே இந்தக் குறை ஒரே நாளில் வருவதில்லை. வாரத்தில் ஒருநாள், பிறகு நாளுக்கு ஒருதடவை, பிறகு எப்போதும் என்று கூடிக்கொண்டே போகும். அந்த வளர்ச்சியைக் கவனித்தவர்களுக்குப் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது.

மீட்டரை எடுக்கும் முன் காதாலும் கண்ணாலும் கிடைக்கும் தகவலை எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியான ஒற்றை 'டக்' என்றால் சொலனாய்ட் இழுத்துவிட்டது என்று பொருள். 'டகடகடக' என்று வேகமாக அடித்தால் பற்றரி இறங்கிவிட்டது, அல்லது பற்றரி முனையில் பச்சைப் பூஞ்சணம் பிடித்துத் தொடுகை கெட்டிருக்கிறது. அங்கே கொன்டாக்ட்கள் தொடுகின்றன. தொட்ட உடனே வோல்ட் விழுந்து பிளஞ்சர் விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது. சத்தமே இல்லையென்றால் 50 முனைக்கு மின்சாரம் போகவில்லை. மோட்டர் 'வீஈ' என்று தனியே சுழன்று எஞ்சின் அசையாவிட்டால், பினியனை ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒருவழிக் கிளச் வழுக்குகிறது. இந்த மூன்றுக்கும் கொன்டாக்ட் கிட் மருந்தல்ல.

ஒற்றை 'டக்' தான் என்று உறுதியானால் முன்விளக்கைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். 'டக்' வருகிறது, வெளிச்சம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது என்றால் பெரிய மின்னோட்டம் எதுவும் ஓடவில்லை. கொன்டாக்ட் தொடவில்லை, அல்லது மோட்டருக்குள் மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் பிரஷ் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடவில்லை. 'டக்' வந்து வெளிச்சம் செத்துப்போனால் மின்னோட்டம் ஓடுகிறது, ஆனால் மோட்டரால் சுற்ற முடியவில்லை, அல்லது பற்றரிக்குச் சக்தி இல்லை. இந்த இரண்டாவது வகையில் ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் கிராங்க் ஷாஃப்டின் முன் போல்ட்டில் ஸ்பனர் போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஹெட் கேஸ்கட் விட்ட எஞ்சினில் சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் மேலே வர முடியாமல் எஞ்சின் அடைத்து நிற்கும். அப்படி நின்றால் பலவந்தம் செய்யாதீர்கள். டீசலில் குளோ பிளக்குகளையும் பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதிய ஸ்டார்ட்டர் போட்டு அடித்தால் கொனெக்டிங் ரொட் வளையும்.

இனி மீட்டர். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். முதலில் வாகனத்தை நியூட்ரலில் வைத்து, கை பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். சோதனையின் நடுவில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகக்கூடாது. 2எல், 3எல் டீசலில் இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள எரிபொருள் நிறுத்தும் சொலனாய்டின் வயரைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோலில் இக்னிஷன் கொயிலுக்குப் போகும் இணைப்பைக் கழற்றுங்கள்.

ஓய்வில் இருக்கும் பற்றரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி. 12.4க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். அதற்குக் கீழே எடுக்கும் எந்த அளவும் உங்களைக் குழப்பும். சார்ஜ் ஏறிய பற்றரி எஞ்சினைச் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது.

அடுத்து 50 முனை. கறுப்புக் கம்பியை ஸ்டார்ட்டரின் உடலில் வைத்து, சிவப்பை 50 முனையில் வைத்து, ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். 8 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. 10க்கு மேல் இருந்தால் நிம்மதி. குறைந்தால் குறை ஸ்டார்ட்டரில் இல்லை. திறப்புச் சுவிட்சிலிருந்து கிளச் மிதியின் சுவிட்ச் வழியாக, ஓட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல் சுவிட்ச் வழியாக, ஸ்டார்ட்டர் வரை வரும் அந்த மெல்லிய வயரின் பாதையில் இருக்கிறது. முப்பது ஆண்டு பழைய வாகனத்தில் அந்தப் பாதையின் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டைத் தின்னும். உறுதி செய்ய ஒரு வயரால் பற்றரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து நேரடியாக 50 முனைக்கு ஒரு நொடி கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் தவறாமல் சுற்றினால் ஸ்டார்ட்டர் நலம். அந்த வாகனத்துக்கு வேண்டியது கிட் அல்ல, பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு 30 அம்பியர் ரிலே. பழைய மெல்லிய வயர் ரிலேயை மட்டும் இயக்கும். பற்றரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த புது வயர், ரிலே மூலம் 50 முனைக்கு முழு வோல்ட்டைக் கொடுக்கும்.

50 முனையில் வோல்ட் சரியாக இருந்தால் தீர்ப்புச் சொல்லும் அளவு இதுதான்: சிவப்புக் கம்பியை 30 முனையின் போல்ட்டிலும் கறுப்பைச் சி முனையின் போல்ட்டிலும் வையுங்கள். திறப்பைத் திருப்பாதபோது 12 வோல்ட் அளவு காட்டும். திருப்பி 'டக்' வந்ததும் அது 0.3 வோல்ட்டுக்குக் கீழே விழ வேண்டும். விழுந்தால் கொன்டாக்ட் இணைகிறது. 'டக்' வந்தும் பல வோல்ட் அப்படியே நின்றால் கொன்டாக்ட் இணையவில்லை, கிட்டை வாங்கலாம். இடைப்பட்டு 1 வோல்ட், 2 வோல்ட் என்று நின்றால் தொடுகிறது, ஆனால் எரிந்த முகத்தில் தொடுகிறது. அதற்கும் கிட்தான். இடைவிட்டு வரும் குறை என்பதால் ஒரு தடவை அளந்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டார்ட் ஆகாத தடவையின் அளவு கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு முயற்சியும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வேண்டாம். கொன்டாக்ட் இணையாத நிலையில் இழுக்கும் சுருளில் மின்னோட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். திறப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சுருள் கருகும். கருகினால் கிட் உதவாது.

சி முனைக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையே 10 வோல்ட் வந்தும் மோட்டர் அசையவில்லை, முன்விளக்கும் மங்கவில்லை என்றால் குறை பிரஷில். இலேசாகச் சுத்தியல் பிடியால் மோட்டரின் உடலில் தட்டியதும் சுற்றினால் அந்த ஐயம் வலுக்கும். அதற்குப் பிரஷ் தாங்கியைத் தனியே வாங்க வேண்டும். கொன்டாக்ட் கிட்டில் அது வராது.

கேபிள்களையும் அளக்க வேண்டும், ஆனால் இதில் பலர் வழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. எஞ்சின் சுற்றும்போது பற்றரியின் பொசிட்டிவ் முனைக்கும் 30 முனைக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேலும், நெகட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேலும் இழக்கக்கூடாது. மீட்டர் கம்பியைக் கிளாம்ப்பில் வைக்காமல் பற்றரியின் ஈய முனையிலேயே வைக்க வேண்டும், அப்போதுதான் கிளாம்ப்புக்கும் முனைக்கும் இடையிலான இழப்பும் கணக்கில் வரும். இந்த அளவுகள் மின்னோட்டம் ஓடும்போது மட்டுமே பொருள் தரும். கொன்டாக்ட் திறந்திருக்கும்போது அளந்தால் உளுத்துப்போன கேபிளும் பூச்சியம்தான் காட்டும். கிட்டைப் பொருத்தி எஞ்சின் சுற்றத் தொடங்கிய பிறகு இதே அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும். எஞ்சினுக்கும் சேஸிக்கும் இடையிலான ஏர்த் பட்டை கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் உள்ளேயே பச்சை பிடித்திருக்கும். வெளியே பார்த்தால் நல்ல நிலையில் இருப்பது போலத்தான் தெரியும்.

இன்னொரு குறையும் இதோடு குழப்பப்படுகிறது. நாற்சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் ஃபிளைவீலின் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் நிற்கும். எனவே பற்கள் அந்த இரண்டு இடங்களில் மட்டும் தேயும். கரகரவென்ற சத்தம் வந்து, கியரில் போட்டு வாகனத்தைச் சற்று முன்னே தள்ளியதும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால் கொன்டாக்ட்டைத் தேடாதீர்கள். ஃபிளைவீலின் பல்வளையத்தைப் பாருங்கள்.

சரி, கிட்தான் என்று தீர்ந்தது. கடையில் எதைப் பார்த்து வாங்குவது? பழைய துண்டுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவதே முதல் விதி. பெட்ரோலின் 1.0, 1.4 கிலோவாட் ஸ்டார்ட்டர்களுக்கும் டீசலின் 2.0 கிலோவாட் ஸ்டார்ட்டருக்கும் ஒரே கொன்டாக்ட் வராது. பற்றரிப் பக்கத் துண்டும் மோட்டர் பக்கத் துண்டும்கூட ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. ஒரே வடிவில் இரண்டு துண்டுகளை ஒரு பையில் போட்டுத் தருபவரிடம் உங்கள் பழைய துண்டுகளைக் காட்டி ஒப்பிட்டுக் கேளுங்கள்.

டொயோட்டா, டென்சோ அசல் கொன்டாக்ட்கள் தனித்தனியாகவே விற்கப்படுகின்றன. விலை கூடுதல்தான், ஆனால் செம்பு தடித்தது, முகம் சமமானது, அளவு பிசகாது. பெயரில்லாத பைகளில் வருபவற்றில் நல்லவையும் உண்டு, மோசமானவையும் உண்டு. ஒரு சிறு காந்தத்தைக் கூடவே கொண்டுபோங்கள். கொன்டாக்ட்டின் தொடும் முகத்தில் காந்தம் ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போல்ட் பகுதியில் ஒட்டுவது குற்றமல்ல. பிறகு தடிப்பு. மலிவான சிலவற்றில் செம்பு அசலைவிட மெல்லியது. அது சீக்கிரம் தேயும். அசலைவிடத் தடித்ததாக இருந்தால் இன்னும் மோசம். பினியன் பற்களோடு முழுவதும் சேரும் முன்பே தட்டு கொன்டாக்ட்டைத் தொட்டுவிடும், சுழலும் பினியன் ஃபிளைவீல் பற்களைச் சிராய்க்கும். தேய்வது இருபக்கமும் என்பதால் பிளஞ்சரும் சேர்ந்த கிட்டையே வாங்குங்கள். பள்ளம் விழுந்த பழைய தட்டுப் புதிய கொன்டாக்ட்டைத் தன் வடிவுக்குத் தேய்த்துக்கொள்ளும், குறை விரைவில் திரும்பும்.

பழைய கொன்டாக்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பிப் போடும் பழக்கம் இருக்கிறது. இது வேண்டவே வேண்டாம். குறையே செம்பு குறைந்துபோனது. தேய்த்தால் இன்னும் குறையும், இடைவெளி கூடும்.

பொருத்தும் முறைக்கு வருவோம். முதல் வேலை பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. 30 முனைக்கு வரும் தடித்த கேபிள் திறப்பு அணைந்திருந்தாலும் எப்போதும் உயிரோடு இருக்கும், சாதாரண ஃபியூஸின் காவலும் அதற்கு இல்லை. ஸ்பனர் ஒரு நுனியில் அதையும் மறு நுனியில் எஞ்சினையும் தொட்டால் பொறி பறந்து தோலைச் சுடும். ஸ்டார்ட்டரைப் பிடித்திருப்பவை இரண்டு பெரிய போல்ட்கள். கீழுள்ளது எளிது. மேலுள்ளதற்கு நீளமான எக்ஸ்டென்ஷனும் திரும்பும் மூட்டும் வேண்டும். துருப்பிடித்திருந்தால் முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்டார்ட்டர் கனமானது, கடைசி போல்ட்டைக் கழற்றும்போது கீழே ஒரு கை தாங்கியிருக்க வேண்டும்.

மேசையில் வைத்துத் துடைத்த பிறகு, சொலனாய்டின் பின்மூடியில் உள்ள மூன்று சிறிய போல்ட்களைக் கழற்றினால் மூடி வரும். ரப்பர் வளையம் மூடியோடு ஒட்டியிருக்கும், கிழிக்காமல் எடுங்கள். பிளஞ்சரை நேரே இழுத்தால் அதன் பின்னாலுள்ள ஸ்பிரிங்கோடு வந்துவிடும். இப்போது இரண்டு கொன்டாக்ட்களும் கண்ணுக்குத் தெரியும். ஒன்றில் பிறைப் பள்ளம் இருக்கும், சுற்றிலும் கரும்பொடி இருக்கும். அதே இடத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் காப்புத்துண்டு, சிறு ரப்பர் வளையம், வெளிக்காப்பு, வாஷர், நட் ஆகியவை எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும். காப்புத்துண்டு ஒன்று விடுபட்டு 30 முனை உடலைத் தொட்டால் பற்றரியை இணைக்கும்போதே நேரடிச் சோர்ட். எனவே கொன்டாக்ட்களைப் பொருத்திய பிறகு 30 முனைக்கும் உடலுக்கும் இடையே மின் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரால் பாருங்கள். இருக்கவே கூடாது.

புதிய கொன்டாக்ட்டை இறுக்கும்போது அது நட்டோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும். திரும்பிவிட்டால் முகம் சாயும், தட்டு ஓர் ஓரத்தில் மட்டும் தொடும். நட்டுகளை அரைகுறையாக இறுக்கி, பிளஞ்சரை உள்ளே போட்டுக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தட்டு இரண்டு முகங்களிலும் சமமாக உட்கார வேண்டும். அழுத்திப் பிடித்தபடியே இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் நொறுங்கும். முகங்களில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, பிளஞ்சரை அழுத்தித் திருப்பி எடுத்துப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்பது தெளிவாகத் தெரியும். இந்த ஒரு படியில் காட்டும் பொறுமைதான் கிட் நீடிப்பதைத் தீர்மானிக்கிறது.

திறந்திருக்கும்போதே பிரஷ்களையும் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் எஞ்சினின் 1.0 கிலோவாட் ஸ்டார்ட்டரில் பிரஷ் 8.5 மில்லிமீட்டருக்கும், 1.4 கிலோவாட்டில் 10 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் மாற்ற வேண்டும். அதே ஸ்டார்ட்டர்களில், பிரஷ்கள் உரசும் செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டர் புதிதில் 30 மில்லிமீட்டர் விட்டம், 29க்குக் கீழே போனால் ஆர்மேச்சரின் காலம் முடிந்தது. பட்டைகளுக்கு இடையிலான பள்ளம் 0.2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் நடுவிலுள்ள மைக்காக் காப்பைக் கீறி ஆழமாக்க வேண்டும். தாங்கிகளை விரலால் சுற்றுங்கள், மணல் அரைவது போல் இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். கியர்ப் பக்கம் வெப்பம் தாங்கும் லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகப் பூசலாம். கொன்டாக்ட் அறைக்குள் கிரீஸ் போகக்கூடாது, பொறியில் கருகி மின்சாரத்தைத் தடுக்கும் காப்பாகிவிடும்.

வாகனத்தில் ஏற்றும் முன் மேசையிலேயே சோதித்தால் மறுபடி கழற்றும் வேலை மிச்சம். சி முனையிலிருந்து மோட்டர் வயரைக் கழற்றுங்கள். பற்றரி நெகட்டிவை உடலுக்கும் சி முனைக்கும் கொடுத்து, பொசிட்டிவை 50 முனைக்குக் கொடுத்தால் பினியன் பாய்ந்து வெளியே வர வேண்டும். சி முனையின் நெகட்டிவை மட்டும் எடுத்தால் பினியன் வெளியிலேயே நிற்க வேண்டும், நின்றால் பிடிக்கும் சுருள் நலம். உடலின் நெகட்டிவையும் எடுத்தால் உடனே உள்ளே போக வேண்டும். இவை எல்லாம் சில நொடிக்குள் முடிய வேண்டும், சுருள் சூடாகும். பிறகு மோட்டர் வயரை இணைத்து, ஸ்டார்ட்டரை வைஸில் இறுகப் பிடித்துச் சுமையின்றி ஓட்டுங்கள். பிடிக்காமல் ஓட்டினால் மேசையிலிருந்து குதித்துவிடும். பெட்ரோல் ஸ்டார்ட்டர் 11.5 வோல்ட்டில் 90 அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது. இதை அளக்க டிசி மின்னோட்டம் காட்டும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். மலிவான கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி மட்டுமே காட்டும், வாங்கும்போது பாருங்கள்.

கிட்டுக்கு மாற்றாகச் சந்தையில் கிடைப்பவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரில்லாத புத்தம்புதிய ஸ்டார்ட்டர் பார்வைக்கு அசல் போலவே இருக்கும். உள்ளே பந்துத் தாங்கிக்குப் பதில் வெறும் உலோக வளையமான புஷ், மெல்லிய கொன்டாக்ட், போல்ட் போடும் காதின் பிசகிய வார்ப்பு என்று ஏதாவது ஒன்றில் சிக்கனம் பிடித்திருப்பார்கள். ஆர்மேச்சர் எரிந்த, உடல் வெடித்த ஸ்டார்ட்டருக்கு மட்டுமே அதை நினைக்கலாம். வாங்கும்போது பினியனின் பற்களைப் பழையதோடு எண்ணிப் பாருங்கள். கிலோவாட்டும் 12 வோல்ட் என்ற குறியும் பொருந்த வேண்டும். கொழும்பில் பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் கிடைக்கும் ஜப்பானிய பாவித்த ஸ்டார்ட்டர் பெயரில்லாப் புதியதைவிட மேலானது. ஆனால் அதன் கொன்டாக்ட்டும் உங்களுடையதைப் போலவே தேய்ந்திருக்கக்கூடும். கடையிலேயே பின்மூடியின் மூன்று போல்ட்களைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு கடை பாருங்கள். நல்ல கொன்டாக்ட் இருக்கும் பாவித்த ஸ்டார்ட்டரைவிட, உங்கள் சொந்த உடலில் அசல் கொன்டாக்ட் போட்டதே நம்பகமானது. அதன் வரலாறு உங்களுக்குத் தெரியும்.

பொருத்தி முடித்ததும் 30 முனையின் ரப்பர் மூடியைத் தவறாமல் மாட்டுங்கள். பழையது கிழிந்திருந்தால் புதிதாக ஒன்று போடுங்கள். ஸ்டார்ட்டர் உட்காரும் முகத்திலும் எஞ்சின் பக்க முகத்திலும் உள்ள துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி உலோகத்தைக் காட்டுங்கள். அந்த முகம்தான் ஏர்த். முதல் ஸ்டார்ட்டின்போதே கேபிள் இழப்பு அளவுகளை எடுங்கள். மேலே சொன்ன எல்லையைத் தாண்டும் கேபிளை அன்றே மாற்றிவிடுங்கள். வோல்ட் குறைந்தால் சொலனாய்ட் தளர்வாக இழுக்கும், தட்டு உறுதியாக உட்காராமல் அதிரும், பொறி கூடி நீங்கள் இப்போது போட்ட புதுச் செம்பே வேகமாக எரியும். ஒரு வாரம் ஓடிய பிறகு இரண்டு முனை நட்டுகளையும் ஒருதடவை இறுக்கிப் பாருங்கள். புதிய வாஷர் அமர்ந்ததில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.